குழாய் ஏன் அடைத்துக்கொண்டது? பாதாளச் சாக்கடையின் வாட்டமும் மலக்குழி மரணங்களும்

பாதாளச் சாக்கடைக்குள் இறங்கிய தொழிலாளர்கள் நச்சுவாயு தாக்கி உயிரிழந்தார்கள் என்ற செய்தி வரும்போதெல்லாம் நாம் சில கேள்விகளை எழுப்புகிறோம். அவர்களை இறக்கியது யார்? முகக்கவசம் கொடுக்கப்பட்டதா? இயந்திரம் ஏன் வரவில்லை? ஒப்பந்ததாரர் கைது செய்யப்பட்டாரா? இழப்பீடு எப்போது கிடைக்கும்? கேட்கப்பட வேண்டிய கேள்விகள்தாம் இவை. ஆனால் முதல் தகவல் அறிக்கையிலும், நீதிமன்ற ஆவணங்களிலும், நம்முடைய உண்மை அறியும் குழுக்களின் அறிக்கைகளிலும்கூட அரிதாகவே இடம்பெறும் கேள்வி ஒன்று உண்டு. அந்தக் குழாய் ஏன் அடைத்துக்கொண்டது?

அடைப்பை மழை, வெயில் போல இயல்பாக நிகழ்வதாக எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். அடைப்பு ஏற்படும், அதை யாராவது எடுக்க வேண்டும், அந்த ‘யாராவது’ யார் என்பதைச் சாதி ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருக்கிறது. இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியைத்தான் நாம் இத்தனை ஆண்டுகளாகப் பிடித்து உலுக்கிக்கொண்டிருக்கிறோம். முதல் கண்ணி சாலையைத் தோண்டிக் குழாய் இறக்கும் நாளில் இருக்கிறது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஏற்படும் அடைப்புகளில் பெரும்பகுதி, குழாயின் வாட்டத்திலும் நேர்கோட்டிலும் அன்றைக்குச் செய்யப்பட்ட பிழையின் விளைவு. அந்தப் பிழைக்குக் கையொப்பம் இட்டவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பணம் பெற்றவர்களும் இருக்கிறார்கள். ஆனால் மரணத்திற்குப் பின் நடக்கும் விசாரணையில் அவர்களுடைய பெயர் எழுவதே இல்லை.

ஒரு சென்டிமீட்டரின் கணக்கு

குடிநீர்க் குழாயில் நீரை அழுத்தம் தள்ளிக்கொண்டு போகிறது. அக்குழாய் மேடேறலாம், பள்ளத்தில் இறங்கலாம். கழிவுநீர்க் குழாய் அப்படிப்பட்டதன்று. நீரேற்று நிலையத்தைச் சென்றடையும் வரை அதனுள் புவியீர்ப்பைத் தவிர வேறு விசை கிடையாது. கொத்தனார்கள் ‘வாட்டம்’ என்று சொல்லும் சரிவு ஒன்றே கழிவை நகர்த்துகிறது. நீர் ஓடினால் மட்டும் போதாது. மலத்தையும் மணலையும் எண்ணெய்ப் பிசுக்கையும் தன்னோடு இழுத்துச் செல்லும் வேகத்தில் ஓட வேண்டும். ஒன்றிய அரசின் மையப் பொதுச் சுகாதார, சுற்றுச்சூழல் பொறியியல் அமைப்பு 2013இல் வெளியிட்ட கையேடு இந்த வேகத்தை வரையறுக்கிறது. திட்டத்தின் தொடக்க காலத்து உச்ச ஓட்டத்தில் நொடிக்குக் குறைந்தது 0.6 மீட்டர், முழு அளவுக்கு வளர்ந்த பின் உச்ச ஓட்டத்தில் 0.8 மீட்டர். இந்த வேகத்தில் குழாய் தன்னைத் தானே கழுவிக்கொள்ளும். அதற்குக் கீழே போனால் கனமானவை அடியில் தங்கத் தொடங்கும்.

தெருவில் போடப்படும் 200 மில்லிமீட்டர் குழாயை எடுத்துக்கொள்வோம். 250க்கு 1 என்ற வாட்டத்தில் அக்குழாய் நிறைந்து ஓடினால் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 0.66 மீட்டர். அதாவது தேவையான அளவுக்குச் சற்றே மேலே. 250க்கு 1 என்பது எவ்வளவு சிறிய சரிவு என்று பாருங்கள். ஒரு மீட்டருக்கு 4 மில்லிமீட்டர். இரண்டரை மீட்டர் நீளமுள்ள ஒரு கான்கிரீட் குழாய்க்கு 1 சென்டிமீட்டர். 30 மீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு ஆள்நுழைவுக் குழிகளுக்கு நடுவே மொத்தமே 12 சென்டிமீட்டர்.

ஒரு குழாயின் கீழ்முனைக்கு அடியில் இரண்டு சென்டிமீட்டர் உயரத்திற்கு மண் கூடுதலாகக் கிடந்தால் போதும். அந்தக் குழாயின் வாட்டம் தலைகீழாகிவிடும். உடைந்த செங்கல் ஒன்றை முட்டுக் கொடுத்தாலும் அதே கதிதான். வாட்டம் பாதியாகக் குறைந்து 500க்கு 1 என்றானால், வேகம் நொடிக்கு 0.47 மீட்டருக்கும் கீழே இறங்கிவிடுகிறது. சாலையின் மேலிருந்து பார்க்கும் யாருக்கும் இவ்வேறுபாடு தெரியாது. தார் போட்டு மூடிய பின், அடைப்பு வரும்வரை தெரியப்போவதும் இல்லை.

நேர்கோட்டின் கதையும் இதுவே. இரண்டு குழிகளுக்கு இடையே குழாய் நூல் பிடித்தாற்போல் நேராகச் செல்ல வேண்டும் என்பதும், திசையோ வாட்டமோ குழாயின் விட்டமோ மாறும் ஒவ்வோரிடத்திலும் ஒரு குழி கட்டப்பட வேண்டும் என்பதும் பழைய விதிகள். நடுவில் மின்கம்பமோ தொலைபேசிக் கம்பியோ குறுக்கிட்டால், அதைச் சுற்றி இணைப்புகளை வளைத்துக் குழாயைத் திருப்பிவிட்டு, குழி கட்டும் செலவை மிச்சப்படுத்துவது எளிது. அந்த வளைவில் முதலில் ஒரு துணி சிக்கும். பிறகு அடைப்பு எடுக்கச் செருகும் கழியும் அங்கேயே முட்டி நிற்கும். கழி போகாத இடத்தில் என்ன நடக்கும் என்று இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

சரியாகப் போடுவது எப்படி என்பது மறைபொருள் ஒன்றும் இல்லை. அறியப்பட்ட மட்டக் குறியிலிருந்து லெவல் கருவி மூலம் மட்டத்தைக் கொண்டுவந்து, தோண்டிய குழியின் குறுக்கே மரச்சட்டங்களை நிறுத்துவார்கள். ஒவ்வொரு சட்டமும் குழாயின் உள் அடிமட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் இருக்கும். சட்டங்களின் மேல்விளிம்பை ஒரே பார்வைக் கோட்டில் வைத்து, ‘டி’ வடிவக் கோலைக் குழாயின் அடிமட்டத்தில் நிறுத்திப் பார்த்தால், ஒவ்வொரு குழாயும் ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று உடனே தெரிந்துவிடும். இன்று அதையே லேசர் ஒளிக்கற்றை செய்கிறது. கீழ்ப்பகுதியில் தொடங்கி மேல்நோக்கிப் போட வேண்டும். சாக்கெட் வாய் மேட்டுப் பக்கம் பார்த்திருக்க வேண்டும். சாக்கெட் உட்காரும் இடத்தில் அடியில் சிறு பள்ளம் எடுத்து, குழாயின் உடல் முழுவதும் படுகையில் பதியும்படி செய்ய வேண்டும். அந்தப் பள்ளத்தை எடுக்காவிட்டால் குழாய் தன் இரு முனைகளில் மட்டும் தொங்கி நிற்கும். மேலே லாரி ஓடத் தொடங்கியதும் நடுவில் விரிசல் விடும்.

தவறுகள் நடக்கும் இடங்களும் தெரிந்தவையே. பொக்லைன் இயந்திரம் தேவைக்கு மேல் ஆழமாகத் தோண்டிவிடும். கூடுதல் பள்ளத்தில் தளர்ந்த மண்ணைத் தள்ளி நிரப்பி, இறுக்காமல் அதன் மேலேயே குழாயை வைப்பார்கள். சில மாதங்களில் அந்த மண் அமுங்கும். அங்கே குழாய் தொட்டில் போலத் தொய்யும். சென்னை போன்ற கடலோரச் சமவெளியில் சிக்கல் இரட்டிப்பாகிறது. நிலம் தட்டையானது, எனவே குழாய் போகப்போக ஆழம் கூடும். நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்திருப்பதால் சில அடிகளிலேயே குழியில் நீர் ஊறும். நீரை இறைத்துக்கொண்டே, பக்கச்சுவர் சரியாதபடி பலகை அடித்து, காய்ந்த படுகையில் குழாய் பதிப்பதற்கு நேரமும் பணமும் வேண்டும். சேற்றுக்குள் குழாயை இறக்கி, அது எங்கே நிற்கிறதோ அங்கேயே விட்டுவிடுவதற்கு இரண்டும் வேண்டாம். பலகை அடிக்காத குழியில் மண் சரிந்து, குழாய் பதிக்கும் தொழிலாளர்களே புதையுண்டு இறப்பதும் இந்த அவசரத்தின் இன்னொரு முகம். அதற்குத் தனிக் கட்டுரையே தேவை.

அடைப்பும் நச்சுவாயுவும் ஒரே தாய்ப்பிள்ளைகள்

தொய்ந்த இடத்தில் நீர் தேங்கும். மலமும் மணலும் அடியில் படியும். படிந்த கசடில் உயிர்வளி தீர்ந்துபோன பின், கழிவில் உள்ள சல்பேட்டைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உருவாக்குகின்றன. அழுகிய முட்டை நாற்றம் கொண்ட இவ்வாயு காற்றைவிடக் கனமானது. குழியின் அடியிலேயே தங்கும். காற்றின் பத்து லட்சம் பங்கில் 100 பங்கு என்ற அளவை எட்டும்போது சில நிமிடங்களிலேயே மோப்ப உணர்வை மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது, இனி ஆபத்தில்லை என்று தொழிலாளி நினைக்கும் தருணம் அது. 700 முதல் 1,000 பங்கு வரை உயர்ந்தால் ஓரிரு மூச்சிலேயே நினைவு தப்பும். கசடைக் கலைத்தவுடன் அதில் அடைபட்டிருந்த வாயு மொத்தமாக வெளியேறும் என்பதால், இறங்கும்போது இருந்த காற்று அடைப்பை உடைக்கும்போது இருப்பதில்லை. முதலாமவரைத் தூக்க இறங்கும் இரண்டாமவரும் மூன்றாமவரும் இறப்பது இதனால்தான்.

வாட்டம் கெட்ட குழாய் மனிதரை உள்ளே இறக்குவதற்கான காரணத்தையும் உருவாக்குகிறது. இறங்கியவரைக் கொல்லும் வாயுவையும் உருவாக்குகிறது. அதே வாயு குழாயின் மேற்கூரையில் கந்தக அமிலமாக மாறி கான்கிரீட்டை அரித்து, சாலை உள்வாங்கவும் வழிசெய்கிறது. சாலை உள்வாங்கினால் மட்டும் அது நாளிதழின் முதல் பக்கச் செய்தியாகிவிடுகிறது.

‘குழாயில் என்ன கிடக்கிறது தெரியுமா? நாப்கின், பிளாஸ்டிக், கட்டட இடிபாடு, ஓட்டல் எண்ணெய். மக்கள் போடுவதற்குப் பொறியாளர் என்ன செய்வார்?’ என்ற மறுப்பு உடனே வரும். அதில் உண்மை இருக்கிறது. நன்றாகப் போட்ட குழாயும் துணி மூட்டையை விழுங்கினால் அடைக்கத்தான் செய்யும். மழைநீரைக் கழிவுநீர்க் குழாயில் திருப்பிவிடும் வீடுகளும் மணலைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. ஆனால் மக்கள் போடும் குப்பையால் வரும் அடைப்பு ஊரெங்கும் சிதறிக் கிடக்கும். ஒரே தெருவில், அதே இரண்டு குழிகளுக்கு நடுவே, மாதம் தவறாமல் திரும்பி வரும் அடைப்புக்கு அந்தத் தெருவாசிகளின் பழக்கத்தைக் காரணம் காட்ட முடியாது. எந்த நகராட்சியின் புகார்ப் பதிவேட்டையும் ஓராண்டு அளவுக்குப் புரட்டினால் இவ்விரண்டையும் பிரித்துவிடலாம். ஜெட்டிங் வண்டி அனுப்பினாலும், 2018 முதல் கேரளத்திலும் பிற இடங்களிலும் பயன்பாட்டுக்கு வந்துள்ள ரோபோவை இறக்கினாலும், தொய்வு தொய்வாகவே இருக்கும். கழிவு மீண்டும் அங்கேயே தேங்கும். இயந்திரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இயந்திரம் பழுதான அன்று, அல்லது அது வர முடியாத சந்தில், மேற்பார்வையாளர் யாரைக் கூப்பிடுவார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

ஒரு பந்தும் ஒரு கண்ணாடியும்

குழாய் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று சோதிக்க இந்த நாட்டில் எழுதப்பட்டுள்ள முறையைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. குழாயின் உள்விட்டத்தைவிட 13 மில்லிமீட்டர் சிறிய, வழவழப்பான ஒரு பந்தை மேட்டுப் பக்கக் குழியில் உருட்டிவிட வேண்டும். அது தானாக உருண்டு கீழ்ப்பக்கக் குழியில் வந்து விழுந்தால் தடை இல்லை. அடுத்து, ஒரு முனையில் விளக்கையும் மறு முனையில் கண்ணாடியையும் வைக்க வேண்டும். கண்ணாடியில் முழு வட்டமாக ஒளி தெரிந்தால் குழாய் நேராக இருக்கிறது. வட்டம் நசுங்கியோ பிறையாகவோ தெரிந்தால், நேர்கோடும் வாட்டமும் எங்கோ பிசகியிருக்கின்றன. ஒரு பந்து, ஒரு விளக்கு, ஒரு கண்ணாடி. இவற்றின் விலை சில நூறு ரூபாயைத் தாண்டாது.

இச்சோதனையைக் குழியை மண் தள்ளி மூடுவதற்கு முன் செய்தால் மட்டுமே பயன். ஆனால் ஒப்பந்தப் பட்டியலைப் பாருங்கள். மண் தோண்டுவதற்குக் கன மீட்டர் கணக்கில் பணம். குழாய் பதிப்பதற்கு மீட்டர் கணக்கில் பணம். குழி கட்டுவதற்கு எண்ணிக்கையில் பணம். வாட்டத்திற்கென்று தனிப் பணம் இல்லை. சோதனை, பதிக்கும் விலைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. வேகமாக மூடினால் அடுத்த நாள் அடுத்த 30 மீட்டர். போக்குவரத்துக் காவலரும், கடைக்காரரும், உள்ளூர் உறுப்பினரும் சாலையை மூடச் சொல்லி நெருக்குவார்கள். அளவுப் புத்தகத்தில் நீளம் ஏறிவிட்டால் பணம் வந்துவிடும். குறைபாட்டுப் பொறுப்புக் காலம் என்று ஒப்பந்தத்தில் ஒரு கால வரம்பு உண்டு. ஆனால் மண் அமுங்கி, வீட்டு இணைப்புகள் எல்லாம் கொடுக்கப்பட்டு, ஓட்டம் முழு அளவுக்கு வருவதற்குள் பெரும்பாலும் அது முடிந்துவிடும்.

அதற்குப் பின் வரும் செலவு யாருடைய கணக்கில் எழுதப்படுகிறது? கழிவுநீர்க் குழாய்கள் 30 ஆண்டுகளுக்கு என்று வடிவமைக்கப்படுகின்றன. இன்று ஒரு தெருவில் வாட்டம் தவறினால், அந்தத் தெருவின் குழிக்குள் 30 ஆண்டுகளுக்கு ஆட்கள் தேவைப்படுவார்கள். ‘நமஸ்தே’ திட்டத்திற்காக எடுக்கப்பட்டு 2024இல் வெளியான கணக்கெடுப்பு விவரத்தின்படி, பதிவு செய்யப்பட்ட சுமார் 38,000 கழிவுநீர், கழிவுநீர்த் தொட்டித் தொழிலாளர்களில் ஏறத்தாழ 92 விழுக்காட்டினர் பட்டியல் சாதி, பழங்குடி, பிற பிற்படுத்தப்பட்ட வகுப்பினர். பட்டியல் சாதியினர் மட்டும் ஏறத்தாழ 69 விழுக்காடு. மோசமான பொறியியல் வேறு துறைகளில் விலையேறியதாக இருக்கிறது. பாலம் உள்வாங்கினால் பொறியாளர் பணியிடை நீக்கம் செய்யப்படுகிறார். கழிவுநீர்க் குழாயில் மட்டும் அது மலிவாக இருப்பதற்குக் காரணம், அதன் பராமரிப்புச் செலவைத் தங்கள் உடலால் செலுத்த ஒரு பிரிவு மக்களைச் சாதி எப்போதும் தயாராக வைத்திருப்பதுதான். குழாய் போடும் பொறியாளருக்குச் சாதி வெறி இருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. அடைத்தால் ஆள் கிடைப்பார் என்ற எண்ணம் போதும்.

சட்டம் திறந்து வைத்திருக்கும் கதவு

மனிதக் கழிவை மனிதர் அகற்றும் பணியில் அமர்த்துவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 7, சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் ஆபத்தான தூய்மைப் பணியில் எவரையும் ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. மீறினால் முதல் முறை 2 ஆண்டுகள் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்பது பிரிவு 9. மீண்டும் மீறினால் 5 ஆண்டு, 5 லட்சம் வரை. குற்றம் பிணையில் விட இயலாதது. ஆனால் ‘ஆபத்தான தூய்மைப் பணி’ என்பதற்கான வரையறை பாதுகாப்புக் கருவிகளைச் சுற்றியே பின்னப்பட்டிருக்கிறது. கருவி கொடுத்தோம் என்று சொல்லித் தப்பிக்க அது இடம் தருகிறது.

அதைவிட ஆபத்தானது அச்சட்டத்தின் கீழ் அதே ஆண்டு இயற்றப்பட்ட விதிகளில் மூன்றாம் விதி. பாதுகாப்புக் கருவியோடுகூட மனிதர் சாக்கடையைத் தூய்மை செய்யக் கூடாது என்று தொடங்கி, உடனே விதிவிலக்குகளை அடுக்குகிறது. அவற்றில் இரண்டைக் கவனியுங்கள். 300 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட புதிய பிரதானக் குழாயைப் பழைய குழாயுடன் இணைப்பது. ஆள்நுழைவுக் குழியை மீண்டும் கட்டுவது அல்லது பிரதானக் குழாயைச் சீர்செய்வது. கட்டுமானம் சரியாக இருந்தால் எப்போதாவது தேவைப்படும் வேலைகள் இவை. கட்டுமானம் மோசமாக இருந்தால், ‘சீர்செய்தல்’ என்ற சொல்லின் கீழ் ஆண்டு முழுவதும் மனிதரை இறக்கலாம். தொய்ந்த குழாயை உருவாக்கியவர்களே, அதைச் சீர்செய்கிறோம் என்று சொல்லி விதிவிலக்கையும் பெற்றுக்கொள்கிறார்கள். இவ்விதி குறித்து நம் இயக்கங்கள் பேசியது போதாது என்பது என் கருத்து.

நீதிமன்றங்கள் இழப்பீட்டுத் தொகையை உயர்த்திவந்திருக்கின்றன. 1993 முதல் நிகழ்ந்த சாக்கடை மரணங்கள் ஒவ்வொன்றுக்கும் 10 லட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்று 2014 மார்ச்சில் சபாயி கரம்சாரி அந்தோலன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2023 அக்டோபரில் பல்ராம் சிங் வழக்கில் அது 30 லட்சமானது. நிரந்தர ஊனத்திற்குக் குறைந்தது 20 லட்சம். 2025 ஜனவரியில், சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் மனிதர் சாக்கடையைத் தூய்மை செய்வதை நிறுத்த வேண்டும் என்று அதே வழக்கில் ஆணையிட்டது. இவை பெரும் போராட்டத்தின் விளைவுகள். என்றாலும் தொகையைச் செலுத்தும் அரசு நிறுவனம், அதைக் குழாய் போட்ட ஒப்பந்ததாரரிடம் திரும்பக் கேட்டதா என்று யாரும் விசாரிப்பதில்லை. 2020 நவம்பரில் ஒன்றிய அரசு ‘மேன்ஹோல்’ என்ற பெயரை ‘மெஷின் ஹோல்’ என்று மாற்றப்போவதாக அறிவித்தது. பெயரை மாற்றியவர்கள் குழாயின் வாட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வாட்டத்தைத் தவறாகப் போட்டவரை மரணத்திற்குக் குற்றவாளியாக்க முடியுமா? நேர்மையாகச் சொன்னால், இன்றைய சட்டத்தில் அது கடினம். கவனக்குறைவால் மரணம் விளைவித்தல், முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304-ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 106. கவனக்குறைவான செயல் மரணத்தின் நேரடியான, உடனடிக் காரணமாக இருக்க வேண்டும் என்று 1960களிலேயே குர்பான் உசேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பம்பாயில் வண்ணப்பூச்சுத் தொழிற்கூடம் ஒன்றில் ஏற்பட்ட தீயில் ஏழு தொழிலாளர்கள் இறந்த வழக்கு அது. ஆபத்தான முறையில் நெருப்பைப் பயன்படுத்த உரிமையாளர் அனுமதித்தது உண்மையே என்றாலும், தீக்கு உடனடிக் காரணம் இன்னொரு தொழிலாளியின் செயல் என்று கூறி, மரணம் விளைவித்த குற்றத்திலிருந்து அவர் விடுவிக்கப்பட்டார். பத்தாண்டுகளுக்கு முன் குழாய் போட்ட பொறியாளருக்கு எதிரான குற்ற வழக்கில் இத்தீர்ப்பே முதலில் எடுத்து வீசப்படும். எனவே அவ்வழியை மட்டும் நம்புவது சரியான உத்தியன்று.

நமக்கு இருக்கும் வலுவான பிடி 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 33. உரிய தொழில்நுட்பக் கருவிகளைக் கொண்டு, மனிதக் கழிவை மனிதர் கையாள வேண்டிய தேவையையே ஒழிப்பது ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பின் கடமை என்கிறது அது. ‘தேவையை ஒழிப்பது’ என்ற சொற்களை நீதிமன்றத்தில் முழுமையாகப் பயன்படுத்த வேண்டும். ஜெட்டிங் கழியும் கேமராவும் நுழைய முடியாத வளைவோடு ஒரு குழாயை ஏற்றுக்கொண்டு, பணி நிறைவுச் சான்றும் கொடுக்கும் உள்ளாட்சி அமைப்பு, அந்தத் தேவையைத் தானே உருவாக்குகிறது. அரசமைப்புச் சட்டத்தின் 226ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் மனுவில் உடனடிக் காரணம் என்ற இறுக்கமான அளவுகோல் கிடையாது. இழப்பீட்டோடு சேர்த்து, அந்தக் குறிப்பிட்ட குழாய்ப் பகுதியைக் கேமரா மூலம் ஆய்வு செய்யவும், மட்டம் எடுத்து அறிக்கை தாக்கல் செய்யவும், பிழை கண்டால் ஒப்பந்ததாரரைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்கவும், செலவை அவரிடம் வசூலிக்கவும் ஆணை கோரலாம். இறந்தவர் பட்டியல் சாதியினராக இருப்பின், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(ஜே) சேர்க்கப்பட்டுள்ளதா என்று பார்ப்பதை நாம் பழகிவிட்டோம். அதே வேகத்தில், அன்றைக்கே குழாயின் ஆவணங்களைப் பாதுகாக்கக் கோரும் மனுவையும் கொடுக்கப் பழக வேண்டும். அளவுப் புத்தகங்கள் காணாமல் போகும் வேகம் வழக்கறிஞர்களுக்குத் தெரியும்.

மரணத்திற்கு முன்பே செய்ய வேண்டியது இன்னும் முக்கியம். 2011இல் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. இணைக்கப்பட்ட பகுதிகளில் பாதாளச் சாக்கடைப் பணிகள் கட்டம் கட்டமாக நடந்துவருகின்றன. 2021இல் தொடங்கிய அம்ருத் 2.0 திட்டத்திலும் கழிவுநீர்க் குழாய் பதிப்பு ஒரு முக்கியப் பகுதி. அடுத்த 30 ஆண்டுகளுக்கான குழாய்கள் இப்போது மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கின்றன.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 2(ஜே), ஆவணங்களைப் பெறும் உரிமையோடு, அரசுப் பணியை நேரில் பார்வையிடும் உரிமையையும் பொருள்களின் சான்றளிக்கப்பட்ட மாதிரியை எடுக்கும் உரிமையையும் தருகிறது. கட்டடப் பொறியியல் படிக்கும் மாணவர்கள் லெவல் எடுப்பதைக் கல்லூரியில் பயிற்சியாகவே செய்கிறார்கள். நீள்வெட்டு வரைபடத்தில் உள்ள அடிமட்ட அளவுகளையும், லெவல் புத்தகத்தில் உள்ள அளவுகளையும், பணி முடிந்தபின் தயாரிக்கப்படும் வரைபடத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க அவர்களால் முடியும். ஒரு தெருவுக்கு ஒரு மாலை போதும். மூன்றிலும் எண்கள் மில்லிமீட்டர் பிசகாமல் ஒன்றாகவே இருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. களத்தில் அளக்காமல், வரைபடத்தைப் பார்த்து எழுதியிருக்க வாய்ப்புண்டு. பந்துச் சோதனை, கண்ணாடிச் சோதனை நடந்த தேதி, முன்னிலை வகித்த பொறியாளரின் கையொப்பம், கடந்த ஓராண்டில் குழி எண் வாரியாக வந்த அடைப்புப் புகார்கள் ஆகியவற்றையும் கேளுங்கள். எக்காரணம் கொண்டும் மூடியை நீங்களே திறந்து எட்டிப் பார்க்காதீர்கள்; மேலே சொன்ன வாயு மாணவரையும் விட்டுவைக்காது.

ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. தகவல் தருவதற்குச் சட்டம் 30 நாள் அவகாசம் அளிக்கிறது. தோண்டிய குழி இரண்டு, மூன்று நாளில் மூடப்பட்டுவிடும். சாலை தோண்டப்படுவதைப் பார்த்தபின் மனு எழுதினால் பதில் வரும்போது மேலே தார் போட்டிருக்கும். எனவே பணி ஆணை வழங்கப்பட்ட உடனே, உங்கள் பகுதிக்கான பணி அட்டவணையையும், சோதனைகள் நடக்கும் நாட்களில் நேரில் பார்வையிடும் அனுமதியையும் ஒரே மனுவில் கேளுங்கள். மனுவின் படியைப் பகுதி சபைக் கூட்டத்திலும் வையுங்கள்.